ஆப்பிள் வேஷம் போட்ட சௌசௌ

வென்ட்வொர்த்வில், சிட்னி
மே மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வையம்பட்டியில் கோடை மழை பெய்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

எனக்கு சுகர் வந்த செய்தி உனக்கு எப்போதோ வந்திருக்கும். நம் சொந்தக்காரர்களுக்கு விமானம் தேவையில்லை. அன்று முதல் வீட்டில் என் மனைவியின் ராஜ்யம். சோறு போனது, பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் கிரம்பிளிலும் கை வைத்தாள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆப்பிளை நறுக்கிப் பட்டைத்தூள் போட்டு, மேலே மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசிறி ஓவனில் வேகவைக்கும் பலகாரம் அது. இந்த ஊர் எனக்குப் பழக்கிவிட்ட ஒரே கெட்ட பழக்கம்.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது ஆப்பிளுக்குப் பேர்போன சீமை. பக்கத்து ஈஸ்ட்வுட்டில் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்ததுதான், இன்று உலகமெல்லாம் விற்கும் கிரானி ஸ்மித் பச்சை ஆப்பிள். அவளும் என்னைப்போலப் பிழைக்க வந்தவள்தான், இங்கிலாந்திலிருந்து. 1985-ல் தொடங்கி அவள் பெயரில் திருவிழாவே எடுக்கிறார்கள். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு இவள் சௌசௌவில் ஆப்பிள் கிரம்பிள் செய்கிறாள்!

நீ கூட்டு வைத்தால் நான் தட்டோரம் ஒதுக்குவேனே, அதே சௌசௌ. இங்கே சோக்கோ என்பார்கள். பழைய வீட்டு வேலிகளில் படர்ந்து காய்த்துத் தள்ளும். பக்கத்து வீட்டு அம்மாள் வேண்டாம் என்றாலும் வாசலில் பையோடு வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு பெரிய பர்கர் கடையின் ஆப்பிள் பை என்ற பலகாரத்தில் இருப்பது சோக்கோதான் என்று இந்த நாட்டில் பல வருஷமாக ஒரு புரளி. கடைக்காரர்கள் மறுத்துப் பார்த்தும் ஓயவில்லை.

புரளிக்குக் காரணம் இருக்கிறது. வெந்த ஆப்பிளின் வாசனை என்று நாம் நினைப்பதில் பாதி பட்டையும் சாதிக்காயும்தான். மீதி புளிப்பும் வெண்ணெயும். அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டிலேயே ஆப்பிள் கிடைக்காதவர்கள் உப்பு பிஸ்கட்டை எலுமிச்சைப் பாகில் ஊறப்போட்டு ஆப்பிள் பை என்று தின்றிருக்கிறார்கள். ஆனால் பிஸ்கட் மைதா, எனக்கு ஆகாது. ஆப்பிளில் நூறு கிராமுக்குச் சுமார் 14 கிராம் கார்ப். சௌசௌவில் ஐந்துகூட இல்லை.

இவள் தோல் சீவி, விதை எடுத்து, மெல்லிய துண்டாக்கி முக்கால் வேக்காட்டில் இறக்குகிறாள். எலுமிச்சைச் சாறு, பட்டை, சாதிக்காய், வெண்ணெய், எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று. மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு. அதன் விலையைச் சொன்னால் மச்சான் என்னை ஊருக்கே திரும்பி வரச் சொல்வார். தோலோடு விதையோடு போட்டுவிடாதே. முற்றின காயில் நார் பல்லில் சிக்கும்.

ருசி? கண்ணை மூடினால் ஆப்பிள். எரித்ரிட்டால் மட்டும் புதினா மென்றதுபோல் நாக்கில் ஜில்லென்கிறது. சூடாகத் தின்றால் அது தெரியாது. ஆறினால் வேஷம் கலைந்து கூட்டாகிவிடும்.

மச்சானுக்கும் சுகர்தானே, செய்து கொடு. கொடைக்கானல் சௌசௌ மணப்பாறைச் சந்தையிலேயே கிடைக்கும். முதலில் காயின் பெயரைச் சொல்லாதே.

மணப்பாறை முறுக்கு அனுப்பவா என்று கேட்டிருந்தாய். அரிசி மாவு, இவள் உள்ளே விடமாட்டாள். என் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி