பழம்பதிப்புப் பிரியர்

புதிதாக மடிக்கணினி வாங்கியவர் வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே அதன் மூடியைத் திறந்து, உள்ளே குடியிருக்கும் இயங்குதளம் இன்னதென்று கண்டு, நாடி பார்த்துக் கைவிரிக்கும் வைத்தியரைப் போல உதட்டைப் பிதுக்குகிற ஒருவரை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். "மிஷின் உத்தமமான மிஷின்தான் தம்பி, விஸ்டாவைப் போட்டுக் கெடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து எக்ஸ்பி ஏற்றித் தருகிறேன்" என்பார்.

2007 ஜனவரிக் கடைசியில் விஸ்டா கடைக்கு வந்த நாள் முதல் அவருக்கு ஓய்வு கிடையாது. நியாயமும் கொஞ்சம் அவர் பக்கம் இருந்தது. 128 மெகாபைட் நினைவகத்தில் சௌக்கியமாகக் காலந்தள்ளிய எக்ஸ்பிக்குப் பிறகு, ஒரு ஜிகாபைட் கொடுத்தும் மூச்சு வாங்கிய விஸ்டா, சின்ன மென்பொருள் ஒன்றை நிறுவப் போனாலும் திரையை இருட்டாக்கிக்கொண்டு எஜமானனிடமே அனுமதி கேட்டது. அதன் உயர்ந்த பதிப்புகளை வாங்கியோர் விரும்பினால் எக்ஸ்பிக்குத் திரும்பலாமென்று மைக்ரோசாஃப்ட் கம்பெனியாரே உரிமை வழங்கியிருந்தனர். நம்மவர் அந்தச் சட்ட சூட்சுமங்களை லட்சியம் செய்பவரல்லர். அவர் பையிலுள்ள சி.டி.யின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'எக்ஸ்பி - நல்லது' என்று எழுதியிருக்கும்.

ஞாயிறன்று சடங்கு ஆரம்பமாகி ஐந்தே நிமிஷத்தில் திரை நீலமாகி நின்றுவிடும். புதிய ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்பிக்கு அடையாளம் தெரியாது; அடையாளம் காட்டும் டிரைவரை எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியில்தான் கொடுக்கவேண்டும்; மடிக்கணினியிலோ ஃபிளாப்பி செருகத் துவாரமே கிடையாது. அவர் கலங்காமல் பயாஸுக்குள் புகுந்து எதையோ மாற்றிவிட்டு மறுபடி தொடங்குவார். இன்னும் 39 நிமிஷம் என்று திரை சொல்லும். அந்த 39 நிமிஷம் முடிவதற்குள் மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலையும் போட்டு, ஒரு தூக்கமும் போட்டாகிவிடும். கடைசியில், கலிஃபோர்னியாவின் சொனோமா பிரதேசத்தில் சார்லஸ் ஓரியர் என்பவர் 1996-இல் படம்பிடித்த அந்தப் பச்சைக் குன்றும் நீல வானமும் திரையில் தரிசனம் கொடுக்கும்போது, அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

"என்ன அண்ணா, பாட்டு வரலையே?" என்பாள் வீட்டுக்காரி.

"பாட்டு கிடக்கட்டும் அம்மா, வேகத்தைப் பாருங்கள்!"

இன்டர்நெட்டும் வராது. அதற்குரிய டிரைவரை இன்டர்நெட்டிலிருந்துதான் இறக்கவேண்டும் என்ற தகவலை, "அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே வாசற்படியில் தெரிவிப்பார்.

இவ்வளவு பக்திமானாகிய இவர்தான், 2001-இல் எக்ஸ்பி வந்தபோது, "விண்டோஸ் 98 இருக்க, குழந்தைப் பொம்மைக்கு அடிக்கும் வர்ணமெல்லாம் எதற்கு?" என்று ஊரெல்லாம் ஏசித் திரிந்தவர். 2012-இல் எட்டாம் பதிப்பு ஸ்டார்ட் பொத்தானையே விழுங்கிவிட்டு வந்தபோது ஏழாம் பதிப்பில் சரண் புகுந்தார். 2015-இல் வந்த பத்தாம் பதிப்பை, நம்மை வேவு பார்க்கும் சனியன் என்றார். அந்தப் பத்துக்கு 2025 அக்டோபரில் கம்பெனியார் ஆதரவை நிறுத்தியதும், அதைப் பென் டிரைவில் ஏந்திக்கொண்டு, பதினொன்று வைத்திருப்போர் வீடுகளுக்கெல்லாம் அவரே விஜயம் செய்துகொண்டிருக்கிறார். விஸ்டாவுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை; அது போய் இத்தனை வருஷமாகியும், அதற்குத் திரும்பவேண்டுமென்று அவர்கூட ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.