தாலிக்கு வாய்தா உண்டு, தவணைக்கு வாய்தா இல்லை

மாப்ளே, நீ ரோசக்காரன்டா. "அவ இருக்குற வீட்டுக்கு நான் எதுக்கு இ.எம்.ஐ. கட்டணும்? இந்த மாசத்துல இருந்து ஒரு பைசா கட்ட மாட்டேன்"னு சொன்னியாமே. கேட்டதும் எனக்கு மீசை துடிச்சிருச்சு. தாயி, நீயும் லேசுப்பட்டவ இல்லை. "சம்பளத்துல பிடிக்கிறது அவருக்கு, எனக்கென்ன வந்துச்சு"ன்னு பதில் சொல்லி அனுப்பினியாம். ஆளுக்கொரு வக்கீல் வச்சாச்சு, ஆளுக்கொரு வாட்ஸ்அப் குரூப்பு வச்சாச்சு. கடனை மட்டும் ஒண்ணா வச்சிருக்கீக. அம்புட்டு ஒத்துமை வேற எதுல இருந்துச்சு உங்களுக்கு?

வீட்டைக் கட்டிப் பாரு, கல்யாணம் பண்ணிப் பாருன்னு பெரியவுக சொன்ன காலத்துல இருபது வருசக் கடன் கெடையாது. இருந்திருந்தா மூணாவதா ஒண்ணு சேத்திருப்பாக: பிரிஞ்ச பெறகு கடனை அடைச்சுப் பாரு.

குடும்பநல கோர்ட்டு உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு விட்டுரும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா பேங்க்ல பக்கத்துக்குப் பக்கம் போட்டீகளே கையெழுத்து, அதை அந்தக் கோர்ட்டு தொடாது. ஏன்னா, உங்க வழக்குல பேங்க் ஒரு கட்சிக்காரரே இல்லை. "இனிமே தவணையைப் புருசன்தான் கட்டுவாரு"ன்னு சமரச மனுவுல எழுதி, நீதிபதியும் முத்திரை குத்திட்டாருன்னு வையி. அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் மேனேஜர்கிட்ட நீட்டினா, நல்லா இருக்குன்னு படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருவாரு. 1872-ல போட்ட ஒப்பந்தச் சட்டம், 43-ஆம் பிரிவு. சேந்து வாக்குக் குடுத்தவுகள்ல எவரை வேணும்னாலும் முழுத் தொகைக்கும் பிடிக்கலாம். பாதி உனக்கு, பாதி அவளுக்குங்குறது உங்க வீட்டுக் கணக்கு. கூடக் கட்டினவுக மத்தவுககிட்ட அந்தப் பங்கைக் கேட்டு வாங்கலாம்னும் அதே பிரிவு சொல்லுது. ஆனா அதுக்கு ரசீது வேணும் சாமி, ரோசம் பத்தாது.

சரி, ரோசத்தோட விலைப்பட்டியலைப் பாப்போம். மொத மாசம் கட்டலைன்னா அபராதக் கட்டணம், கூடவே காலையில இருந்து ராத்திரி வரைக்கும் போன். சிபில்ல ரெண்டு பேரு மதிப்பெண்ணும் சரியும், ஏன்னா கூட்டுக் கடன் ரெண்டு பேரு அறிக்கையிலயும் நிக்கிது. 90 நாள் தாண்டினா வாராக்கடன். பெறகு 2002-ஆம் வருசத்துச் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு வச்சு நோட்டீஸ். அதுக்கும் மசியலைன்னா கதவுல சுவாதீன அறிவிப்பை ஒட்டிட்டு, ரெண்டு பேப்பர்ல போடுவாக. அதுல ஒண்ணு தமிழ்ப் பேப்பரா இருக்கணும்னு விதியே இருக்கு. ஊருல ஒருத்தரும் படிக்காம விட்டுறக் கூடாது பாரு! கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் உங்க ரெண்டு பேரு பேரும் சேந்து அச்சாகுறது அதுலதான் இருக்கும். "அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறேன்"னு தவணையை நிறுத்துறவன், அதே பாடத்துல தானும் பெயிலாகுறான்.

இப்ப எதுக்கு அடிச்சுக்கிறீகன்னு கணக்குப் பாத்தீகளா? 50 லட்சம் கடன், வட்டி எட்டரை சதவீதம், 20 வருசம்னு வச்சுக்க. தவணை 43 ஆயிரத்துச் சொச்சம். மொத மாசம் அதுல 35 ஆயிரத்துக்கு மேல வட்டிக்கே போயிரும். அஞ்சு வருசம் நாள் தவறாமக் கட்டினா 26 லட்சம் கையை விட்டுப் போயிருக்கும். அசல்ல கொறஞ்சது எம்புட்டு? 6 லட்சம் கூட நெறையலை. இன்னும் 44 லட்சம் அப்படியே நிக்கிது. ஆக, 70 லட்சம் விலை போற வீடா இருந்தா, நீங்க சண்டை போட வேண்டியது 26 லட்சத்துக்கு. நீங்க என்னடான்னா 70 லட்சத்துக்கும் சேத்துல்ல மண்டையை ஒடைச்சுக்கிறீக. மிச்ச 44-க்கு பேங்க் சண்டை போடும், நீங்க சிரமப்பட வேணாம்.

தாயி, உனக்குத் தனியா ஒரு சங்கதி. கிரையப் பத்திரத்துல உன் பேரு இருக்கா, இல்லை கடன் பத்திரத்துல மட்டும் இருக்கா? ரெண்டு சம்பளத்தையும் காட்டினாக் கடன் கூடக் கெடைக்கும்னு உன்னையக் கூட்டிட்டுப் போயிருப்பாக. வீட்டுல பங்கில்லாம, கடன்ல மட்டும் பங்கு வாங்கின மகராசிகளை நான் நெறையப் பாத்துட்டேன். பொண்டாட்டிக்குப் பாதின்னு சினிமாவுல பாத்ததெல்லாம் இங்க செல்லாது. இந்தியாவுல பொதுவா அப்படிச் சட்டம் இல்லை; பத்திரத்துல யாரு பேரு, யாரு எம்புட்டுப் பணம் போட்டதுன்னுதான் பாப்பாக. ஆனா கோவாவுல போர்ச்சுக்கீசுக்காரன் விட்டுட்டுப் போன சட்டம் இருக்கு, அங்க புருசன் பொஞ்சாதி சொத்து பொதுச்சொத்து. நீங்க கோவாவுக்கு தேனிலவுக்குப் போனது கணக்குல சேராது.

அதுக்காக மாப்ளே, "பத்திரம் என் பேருல, வெளிய நடடி"ன்னு நீ மார் தட்டாதே. 2005-ஆம் வருசத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு. சேந்து வாழ்ந்த வீட்டுல குடியிருக்குற உரிமை அவளுக்கு உண்டு, பத்திரத்துல பேரு இல்லாட்டியும். பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சா, மறுவாரம் நீ கோர்ட்டு வாசல்ல நிப்பே.

வழி மூணுதான். மொத வழி, வித்துட்டுக் கணக்கைத் தீத்துக்கிறது. பாக்கி எம்புட்டுன்னு பேங்க்ல கடிதம் வாங்குங்க. வாங்குறவரு பணம் மொதல்ல கடனுக்குப் போகட்டும், மிச்சத்தை ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க. மாறும் வட்டியில இருக்குற தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் போடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி உத்தரவே இருக்கு, பயப்படாதீக. பதிவு அன்னைக்குச் சார்பதிவாளர் ஆபீசுல ரெண்டு பேரும் கேமராவுக்கு மொகம் காட்டணும், விரல் வைக்கணும். சிரிக்கணும்னு கட்டாயம் இல்லை.

ரெண்டாவது வழி, ஒருத்தர் வீட்டை வச்சுக்கிறது. நான் சொன்ன கணக்குல, ரெண்டு பேருக்கும் சமபங்குன்னா 13 லட்சத்தை மத்தவுகளுக்குக் குடுத்துட்டு, 44 லட்சக் கடனைத் தன் ஒத்தத் தலையில ஏத்திக்கணும். இங்கதான் பேங்க் மூக்குக் கண்ணாடியைப் போடும். ரெண்டு சம்பளத்துக்குக் குடுத்த கடனை ஒரு சம்பளத்துல கட்ட முடியுமான்னு மறுபடி மொதல்ல இருந்து பாக்கும். ஆகாதுன்னா கொஞ்சம் அசலை அடைக்கச் சொல்லும், இல்லை அப்பனையோ அண்ணனையோ கூட்டிட்டு வரச் சொல்லும். ஒத்துக்கிட்டா எழுத்துல வாங்கு. பெறகுதான் பங்கை விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரம். கடனை மாத்தாம பங்கை மட்டும் எழுதிக் குடுக்குறது இருக்கே, அது தானமும் இல்லை, தருமமும் இல்லை. வீடு அவுகளுக்கு, கடன் உனக்கு. வெவரம் கெட்ட பெருந்தன்மை!

மூணாவது வழி, பிள்ளை பள்ளிக்கூடம் முடியட்டும், விலை ஏறட்டும்னு கொஞ்ச நாள் அப்படியே வச்சிருக்கிறது. நம்ம பக்கம் பங்காளிக பத்து வருசமா மொகம் பாத்துக்க மாட்டாக, ஆனா கூட்டுக் கெணத்துல ஆளுக்கு இத்தனை மணி நேரம்னு மோட்டார் போடுற மொறை தப்பாது. அப்படி இருக்க முடிஞ்சா இதைச் செய்யுங்க. தவணைக்குன்னு தனிக் கணக்கு ஒண்ணு, அதுல யாரு எம்புட்டுப் போடணும், வீட்டு வரியும் பராமரிப்பும் யாரு பாக்கணும், எந்த வருசம் விக்கணும், எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கையில காசாக் குடுக்காதீக. பின்னால "குடுத்தேன்", "வாங்கலை"ன்னு அதுக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதுக்கும் என்னையத்தான் கூப்பிடுவீக.

ஆனா மூணாவது வழியில ஒரு குழி இருக்கு தாயி, காதைக் குடு. விவாகரத்து ஆன பெறகு அவனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா, இந்து வாரிசுச் சட்டப்படி அவன் பங்கு பிள்ளைகளுக்கும் அவன் ஆத்தாளுக்கும் போகும். உனக்கு இல்லை. யாருகிட்ட இருந்து தப்பிச்சோம்னு நிம்மதியா மூச்சு விட்டியோ, அந்த மாமியாரு உன் வீட்டுல பங்குதாரரா வந்து உக்காருவா. மாப்ளே, நீ சிரிக்காதே. கடனோட சேத்து எடுத்த இன்சூரன்சுல நாமினி இன்னும் யாருன்னு போய்ப் பாரு.

இதையெல்லாம் எப்பச் செய்யணும்? தீர்ப்புக்கு முன்னாடி. பரஸ்பர சம்மதத்துல பிரியுறதுன்னா, மனுப் போட்டதுக்கும் ரெண்டாவது தடவை வந்து உறுதி சொல்றதுக்கும் நடுவுல இந்துத் திருமணச் சட்டம் 6 மாசம் குடுக்குது. இந்த 6 மாசத்தைக் கோர்ட்டு தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, அதனால எல்லாருக்கும் அவசரம். என்னையக் கேட்டா அந்த 6 மாசம் தங்கம். மனசு மாறுறதுக்குக் குடுத்தாக. மாறலைன்னா கடனையாச்சும் மாத்திக்கங்க. இன்னொரு லாபமும் இருக்கு. குடும்ப உறுப்பினருக்குள்ள விடுதலைப் பத்திரம்னா தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல போகாது. பதிவுக் கட்டணம் 10,000-ஐத் தாண்டாது. 2023-ல ஏத்தின பெறகும் இது மலிவுதான். புருசன் பொஞ்சாதியா இருக்குற வரைக்கும் நீங்க குடும்பம். தீர்ப்பு வந்துட்டா நீங்க யாரோ, அவுக யாரோ. அப்பப் போய்ச் சலுகை கேட்டா சார்பதிவாளர் உங்களை ஏற இறங்கப் பாப்பாரு. கல்யாணத்தால உங்களுக்குக் கெடைக்கப் போற கடைசி லாபம் இது, விட்டுறாதீக.

கடன் முழுசும் அடைஞ்சதும் காலாட்டிக்கிட்டு உக்காராதீக. 30 நாளுக்குள்ள பேங்க் அசல் பத்திரங்களைத் திருப்பிக் குடுக்கணும், தன் தப்புல தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2023-ல உத்தரவு போட்டிருக்கு. பத்திரத்தை அடமானமா ஒப்படைச்சதுக்கு எம்.ஓ.டி.ன்னு ஒண்ணு பதிஞ்சிருப்பாகளே, அதுக்கு ரசீது ஆவணம் பதிஞ்சு, வில்லங்கச் சான்று போட்டுப் பாத்து, பழைய கடன் தீந்துருச்சுன்னு கண்ணால கண்ட பெறகு நிம்மதியாத் தூங்குங்க.

மத்தபடி யாரு மேல தப்பு, யாரு மொதல்ல கைநீட்டிப் பேசினது, அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். அதுக்குத்தான் வக்கீலுக்குப் பீஸ் குடுக்குறீகளே, அவுக கேப்பாக. நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. பிரியுற வரைக்கும் தவணை தவறக் கூடாது. மூணாவது வழியில போகலைன்னா, "இவருக்கு இந்தக் கடன்ல இனிப் பொறுப்பில்லை"ன்னு பேங்க் எழுத்துல குடுக்குற வரைக்கும், கடைசிக் கையெழுத்தை எந்தக் கோர்ட்டுலயும் போடாதீக.