மலைக்கு அந்தப் பக்கம்

"சொன்ன மழை எங்க மாமா?" என்று எங்கள் ஊர் வானிலை மாமாவிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கூச்சப்படமாட்டார், மேற்கே கையைக் காட்டுவார். "பேஞ்சுச்சே மாப்ள. மலைக்கு அந்தப் பக்கம் பேஞ்சுச்சு."

வானிலை சொல்லிப் பிழைக்க நினைப்பவருக்குப் பண்ணைப்புரத்தைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. மேற்கே சுவர் வைத்ததுபோல் மலை. உச்சியில் கேரளம் ஆரம்பித்துவிடும். தென்மேற்குப் பருவமழையை இடுக்கிக்காரர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டு, மிஞ்சின காற்றையும் கொஞ்சம் சாரலையும் நமக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மாமா சொன்னது பொய்க்க வழியே இல்லை. ஊரில் பெய்யாத மழை ராமக்கல்மேட்டில் பெய்திருக்கும். ராமக்கல்மேட்டில் இல்லையென்றால் நெடுங்கண்டத்தில். ஒருதடவை, நெடுங்கண்டத்திலும் சொட்டு விழவில்லை என்று ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போய் வந்த ஜீப் டிரைவர் டீக்கடையில் வைத்தே சாட்சி சொன்னார். மாமா டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நீ எத்தன மணிக்கு எறங்குன?" மூணு மணிக்கு. "மூணரைக்குப் பேஞ்சுச்சு."

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தோம். அது நமக்குப் பெய்ய வேண்டிய மழையாயிற்றே. அப்போது கையைத் திருப்பிக்கொண்டார். மழை கிழக்கே, ஆண்டிபட்டிப் பக்கம் பெய்துவிட்டதாம்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் குட்டி ரமணன். சென்னை வானிலை மையத்தில் இருந்த அசல் எஸ்.ஆர்.ரமணன் 2016இல் ஓய்வு பெற்றுவிட்டார். இவருக்கு அப்படியொரு உத்தேசம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மட்டும் மரியாதை குறையவே குறையாது. கலெக்டர் லீவு விடுவதே இவரைக் கேட்டுத்தான் என்று அதுகள் நம்புகின்றன.

வானிலை மையம் பாவம், பார்த்துப் பார்த்து எழுதும்: "அடுத்த 3 மணி நேரத்தில் தேனி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மிதமான மழைக்கு வாய்ப்பு." இது மாமாவின் போன் வழியாக வெளியே வரும்போது 'ஓரிரு இடங்கள்' உதிர்ந்திருக்கும். 'மிதமான' போயிருக்கும். 'வாய்ப்பு' எப்போதோ போயிருக்கும். இடி, மின்னல், தேனி, அதோடு மூன்று சிவப்பு விளக்குப் படம். ஒருநாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை, 12 முதல் 20 என்றால் மிக கனமழை, 21ஐத் தொட்டால் அதி கனமழை என்று அவர்கள் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாமாவிடம் ஒரே தரம்தான் உண்டு. ரெட் அலர்ட்.

அந்தப் பக்கத்து மழையை முழுக்கக் கேலி செய்யவும் முடியாது. மேலே கொட்டினால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்த ஓடையில் செந்தண்ணி இரைந்துகொண்டு வரும். 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை இரண்டு பக்கமும் சேர்ந்தே கொட்டிவிட்டது. மேலே பெரியாறு அணையின் மதகுகளைத் திறந்தார்கள். கீழே முல்லைப்பெரியாறு கரை மீறி வயலுக்குள் புகுந்தது. மாமா சொன்னது அன்றைக்குப் பலித்தது, எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஆனால் ஊர்க்காரன் நெல் தண்ணிக்குள் கிடக்கும்போது "சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று கூடுதலாக ஒரு டீ சொல்லிக் குடித்தாரே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

இடி விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். மின்னல் வெட்டியதும் விரல் விட்டு எண்ணுவார், முழக்கம் கேட்டதும் மூன்றால் வகுத்து இத்தனை கிலோமீட்டர் என்பார். கணக்குச் சரிதான். ரோட்டோரப் புளியமரத்தடியில் யார் ஒதுங்கி நின்றாலும், நனைந்துகொண்டே ஓடிப்போய், வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லி விரட்டிக்கொண்டு வந்து யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏற்றிவிடுவார். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகாமல் ஒருத்தரையும் இறங்கவிடமாட்டார். களையெடுக்கப் போகும் பெண்கள் அவரைத் திட்டுவார்கள், ஆனால் இறங்கமாட்டார்கள்.

இருந்தாலும் திராட்சைக் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். ஆனைமலையன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார் எங்கள் உறவுக்காரர் ஒருத்தர். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்தான். மழைக்கு அது தெரியுமா? பழுத்த கொத்தில் தண்ணி இறங்கினால் பழம் வெடித்துவிடும். மாமாவின் மூன்று சிவப்பு விளக்கைப் பார்த்துப் பதறிப்போய், விடிவதற்குள் ஆளைக் கூட்டிவந்து அரைப்பழமாக வெட்டிவிட்டார். கொடியை விட்டு இறங்கிய திராட்சை அதற்குமேல் பழுக்காது. புளிப்பென்று சொல்லி யாவாரி பாதி விலைக்குக் கேட்டார். அந்த வாரம் முழுக்க நல்ல வெயில்.

பிறகு அந்த வானிலை மைய அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு வந்தது. பகல் ஒரு மணியோடு அதற்கு ஆயுசு முடிந்துவிட்டது. நேரம் போட்டிருந்த மேல்வரியை வெட்டிவிட்டு, சாயங்காலம் மாமா அதை ஊருக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வரியை வெட்டாதீர்கள் மாமா. அது ஒன்று போதும், சிவப்பு விளக்கு எத்தனை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.