காசு கொடுத்துக் கால்வலி

ஏலே பேராண்டி, ஸ்காட்லாந்து மலையில ஓடப் போறேன்னு பேர் கொடுத்திருக்கியாமே? கிழக்கே நேர்ன் கடற்கரையில கிளம்பி, மேற்கே கிளென்கோ வரைக்கும் 105 மைலாம். ஓட்டம், சைக்கிள், மறுபடி மலைநடை, கடைசியில லோக் லெவன் தண்ணியில துடுப்பு. ஏன், அந்த ஊருக்குப் பஸ்ஸு கிடையாதோ? கேட்டா, ‘என்னையே நான் தேடிக் கண்டுபிடிக்கணும் தாத்தா’ங்கே. நீ எப்பலே காணாமப் போனே?

சரி, மூட்டையைப் பிரி, பாப்போம். விசிலு, திசைகாட்டி, மழைச்சட்டை. இதுல குத்தம் சொல்ல மாட்டேன். அந்த மலையில மூடுபனி எறங்கிட்டா முன்னால போறவன் முதுகு தெரியாது. இது என்ன, பசை மாதிரி பொட்டலம்? ஜெல்லா? சோத்துக்குப் பதிலா இதைப் பிதுக்கித் திங்கணுமா? நல்லாருக்குலே. இந்த வாட்ச்சு நெஞ்சு எத்தனை தரம் அடிக்குதுன்னு சொல்லுதாம். அடிக்குதுன்னு தெரிஞ்சாப் போதாதா?

அந்தப் பாதையில எல்லாம் ஒரு காலத்துல யாரு நடந்தா தெரியுமா? மாடு ஓட்டிக்கிட்டுப் போன ஆளுக. ஸ்கை தீவுல இருந்து மாட்டை நீச்சல்லயே கரை சேப்பாங்க. முன்மாட்டு வாலுல கயித்தைக் கட்டி, மறுமுனையைப் பின்மாட்டுத் தாடையில கட்டி, வரிசையா படகுக்குப் பின்னால இழுத்துட்டுப் போறது. அப்புறம் மலை தாண்டி, தெற்கே ஃபால்கிர்க் சந்தை வரைக்கும் நடை. மடியில ஓட்ஸ் மாவு, ரெண்டு வெங்காயம். ராத்திரி போர்வையைச் சுத்திக்கிட்டு வெட்டவெளியில படுக்கை. அவனுக்கு யாருலே பதக்கம் போட்டா? மாடு வித்த காசுதான் பதக்கம்.

1895-ல ஃபோர்ட் வில்லியம் ஊர்ல முடிவெட்டுற ஒருத்தர், வில்லியம் ஸ்வான்னு பேரு. பென் நெவிஸ் இருக்கே, 1,345 மீட்டரு, பிரிட்டன்லயே ஒசந்த மலை. ஊருல இருந்து உச்சிக்கு ஓடி, 2 மணி 41 நிமிஷத்துல திரும்பி வந்துட்டாரு. எந்த ஜெல்லைப் பிதுக்குனாரு?

இப்பக் காதைத் தீட்டிக் கேளு. நீ கிளம்பப் போற நேர்ன் ஊருக்கு, 1746 ஏப்ரல்ல ஒரு ராத்திரி, ராஜ்ஜியத்தை மீட்க வந்த இளவரசன் சார்லஸோட படை நடந்து வந்துச்சு. எதிரித் தளபதி கம்பர்லாண்டுக்கு அன்னைக்குப் பொறந்தநாளு. குடிச்சுட்டுக் கெடப்பானுவ, தூக்கத்துலயே அமுக்கிரலாம்னு கணக்கு. கணக்கு சரிதான், வயிறு? ஆளுக்கு ஒரு பிஸ்கட்டு. சேத்துலயும் இருட்டுலயும் தட்டுத்தடுமாறி, ஊரை நெருங்கையில விடியப் போகுதுன்னு திரும்பிட்டாங்க. பல பேரு வழியிலயே விழுந்து தூங்கிட்டாங்க. மறுநாள் கலோடன் மேட்டுல சண்டை ஒரு மணி நேரங்கூட நிக்கல. பசி வந்தாப் பத்தும் பறக்கும்பாங்க, அங்க ஒரு ராஜ்ஜியமே பறந்துச்சு. அதனால, மொத நாளு வயிறாரத் தின்னுட்டு வெள்ளனாப் படு. உன்னோட மூணு லட்சம் ரூவா சைக்கிள் செய்யாததை அது செய்யும்.

நீ போய்ச் சேருற கிளென்கோவும் லேசுப்பட்ட எடமில்ல. 1692 பிப்ரவரியில விருந்தாளியா வந்த சிப்பாய்க, ரெண்டு வாரம் போல உக்காந்து தின்ன வீட்டுக்காரங்களையே விடியக்காலம் வெட்டுனானுவ. 38 உசுரும்பாங்க. தப்பி ஓடுனவங்கள்லயும் பல பேரைப் பனி கொன்னுச்சு. அங்க போய் நாக்கைத் துருத்திக்கிட்டு செல்ஃபி எடுக்காதே. பள்ளத்தாக்கை ஒரு தடவை நிமிந்து பாரு. அதுக்குத்தாம்லே அம்புட்டுத் தூரம் போறே.

போயிட்டு வா, தடுக்கலை. ஆனா ஒண்ணு. அந்தப் பதக்கத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, தெருமுனைக் கடையில பால் வாங்கிட்டு வாடான்னா ‘பைக் சாவி எங்கே?’ன்னு கேட்டியோ, அப்ப இருக்கு உனக்கு!