நேரம் தெரியாதவரிடம் நேரக்கணக்கு

கேள்வி: டைம்வாரியர் என்பது என்ன? ஏஐ ஏஜென்ட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று குறித்துவைக்கும் இலவச மென்பொருள். முதல் பதிப்பு 2016-இல் வந்தது. பொத்தான், படம் எதுவும் கிடையாது. டெர்மினலில் ‘டைம்யூ ஸ்டார்ட்’ என்று தட்டி, வேலையின் பெயரை டேக்காகச் சேர்த்தால் கணக்கு ஓடும். ‘டைம்யூ ஸ்டாப்’ என்றால் நிற்கும். பொத்தான் பழகிய மனிதருக்கு இது கொஞ்சம் முரடு. கட்டளை தட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட ஏஜென்ட்டுக்கு இதைவிடத் தோதான மென்பொருள் கிடைப்பது கடினம்.

கேள்வி: டைம்வாரியருக்கு ஹெல்ப் பக்கங்கள்தான் இருக்கின்றனவே, அதைப் பயன்படுத்த ஏஜென்ட்டுக்கென்று தனி ஆவணம் எழுதுவது எதற்கு?

பதில்: என்னென்ன கட்டளை உண்டு என்று ஹெல்ப் பக்கம் சொல்லும். எதை எப்போது தொடக் கூடாது என்பதை மனிதர் ஒரு வாரம் புழங்கி, இரண்டு முறை சொதப்பித் தெரிந்துகொள்கிறார். ஏஜென்ட்டோ ஒவ்வொரு உரையாடலுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்போல வருகிறது. நேற்றைய சொதப்பலை யாரும் எழுதிவைக்காவிட்டால் இன்றும் அதே சொதப்பல்தான், அதே உற்சாகத்துடன். ஆகவே கட்டளைப் பட்டியலை நகலெடுப்பது வீண் வேலை. சிக்கவைக்கும் பொறிகளை எழுதுவதே ஆவணம்.

கேள்வி: அப்படி என்ன பெரிய பொறி?

பதில்: முதலில், எண். டைம்வாரியரில் ஒவ்வொரு பதிவுக்கும் @1, @2 என்று அடையாளம் உண்டு. ஆனால் அது நிரந்தரப் பெயரல்ல, வரிசையில் பிடித்த இடம். கடைசியாக வந்ததுதான் @1. புதிய பதிவு வந்தால் பழையவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். கடைசி இரண்டு பதிவுகளையும் அழிக்கச் சொன்னால் ஏஜென்ட் முதலில் @1-ஐ அழிக்கும். அந்த நொடியே பழைய @2, @1 ஆகிவிடுகிறது. அடுத்து அது @2-ஐ அழிக்கும்போது சாவது மூன்றாவது பதிவு, ஒரு பாவமும் அறியாதது. ‘இரண்டையும் அழித்தாயிற்று’ என்ற அறிக்கை மட்டும் பிசகாமல் வரும். ஆவணத்தில் எழுத வேண்டியது இதுதான்: இரண்டு எண்ணையும் ஒரே கட்டளையில் கொடு; அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எண்களை மறுபடி பார். தவறிவிட்டால் ‘அன்டூ’ உண்டு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

இரண்டாவது, மேற்கோள் குறி. ‘கிளையன்ட் மீட்டிங்’ என்பதை மேற்கோள் குறி இல்லாமல் தட்டினால் ஒரு டேக் இரண்டு டேக்காகிவிடும். மாதக் கடைசியில் கிளையன்ட் தனியாக, மீட்டிங் தனியாக நிற்பார்கள்.

கேள்வி: நேர மண்டலத்தில் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: வரும். டைம்வாரியர் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. ‘சம்மரி’ அட்டவணை உள்ளூர் நேரம் காட்டும், ‘எக்ஸ்போர்ட்’ தரும் ஜேசன் தரவு காட்டாது. சென்னையும் கொழும்பும் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. மே 1 விடியற்காலை 4.30-க்குத் தொடங்கிய வேலை ஜேசனில் ஏப்ரல் 30, இரவு 11 மணி. உழைப்பாளர் தினத்தன்று எழுந்து உழைத்தவரின் உழைப்பு போன மாதக் கணக்கில் போய்ச் சேரும். ‘கணக்குப் போட எக்ஸ்போர்ட்டைப் பயன்படுத்து, உள்ளூர் நேரத்துக்கு மாற்றிய பிறகே கூட்டு’ என்று ஒரு வரி போதும். ‘சம்மரி’க்குத் தேதி கொடுக்காவிட்டால் அன்றைய நாளை மட்டுமே காட்டும் என்பது அடுத்த வரி.

கேள்வி: ‘நிச்சயமா?’ என்று மென்பொருள் கேட்டால் ஏஜென்ட் என்ன செய்யும்?

பதில்: முதன்முறை இயக்கும்போது தரவுத்தளம் உருவாக்கட்டுமா என்று டைம்வாரியர் கேட்கிறது. பதில் தட்ட ஆளில்லாவிட்டால் ஏஜென்ட் அங்கேயே நின்றுவிடும். அதற்காக ‘:யெஸ்’ என்ற குறிப்புச்சொல் இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் ஆமாம் போடும். அதைவிட ஆபத்தானது ‘:அட்ஜஸ்ட்’. புதிய பதிவு பழையதன்மேல் ஏறினால் பழையதை வெட்டி இடம் பண்ணிக்கொடுக்கும். பஸ்ஸில் சொல்லும் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ அல்ல இது. கேட்காமல் இதைச் சேர்க்கக் கூடாது என்று ஆவணம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஏஜென்ட்டுக்கு மணி தெரியுமா?

பதில்: தெரியாது. மொழி மாதிரிக்குள் கடிகாரம் கிடையாது. கணினியைக் கேட்டால்தான் உண்டு. ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டும் கணினி நேரத்தையே எடுத்துக்கொள்வதால் அங்கே கவலையில்லை. ‘காலையில் செய்த வேலையையும் சேர்த்துவிடு’ என்றால்தான் வம்பு. எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் கூச்சமின்றி ஒன்பது முதல் பதினொன்று என்று எழுதிவைக்கும். தெரியாத நேரத்தை ஊகிக்காதே, கேள் என்ற விதியை முதல் பத்தியிலேயே போடுவது நல்லது. ஏஜென்ட் நான்கு நிமிடத்தில் முடித்த வேலை யார் கணக்கு என்பதையும் மென்பொருள் தீர்மானிக்காது. அதற்குத் தனி டேக் வைப்பதே நியாயம். இல்லையேல் ஏஜென்ட் ஸ்டாப் போட மறந்த ஓர் இரவுக்கு வாடிக்கையாளர் பணம் கட்டுவார்.

கேள்வி: இதையெல்லாம் எங்கே எழுதுவது? எவ்வளவு நீளம்?

பதில்: நிரல் திட்டம் என்றால் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பு. அது எப்போதும் படிக்கப்படும் என்பதால் அங்கே நீட்டினால் ஒவ்வொரு வேலைக்கும் செலவு. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2025-இல் கொண்டுவந்த ஸ்கில் முறையில் பெயரும் சிறு விவரமும் மட்டும் முன்கூட்டியே ஏறும். உள்ளடக்கம் தேவைப்பட்டால்தான் திறக்கும். நேரக்கணக்குக்கு இதுவே பொருத்தம். இரண்டு பக்கத்தைத் தாண்டினால் ஹெல்ப் பக்கம் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: எழுதியது சரியா என்று எப்படித் தெரியும்?

பதில்: புது உரையாடலைத் திறந்து, ஆவணத்தை மட்டும் கொடுத்து, இரண்டு பதிவுகளை அழிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது செத்தால் திருத்த வேண்டியது ஆவணத்தை. சோதனைக்கென்று வேறு தரவு அடைவைக் காட்ட டைம்வாரியரில் வழியுண்டு. பில் அனுப்பும் நாளில் அசல் கணக்கில் சோதிக்க வேண்டாம்.