சும்மா பார்த்துட்டுத்தானுங்க இருக்கேன்

திருப்பூரில் எந்தப் பனியன் ஏற்றுமதி கம்பெனிக்குப் போனாலும் கணக்குப் பிரிவில் இவர் ஒருவர் இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது, சட்டைப்பையில் இரண்டு பேனா, மேசைக் கண்ணாடிக்கு அடியில் முருகர் படம். காலையில் வந்ததும் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு சர்வரில் உள்ள முக்கியமான எக்செல் ஃபைல்கள் அத்தனையையும் வரிசையாகத் திறப்பார். எதிலும் ஓர் எழுத்து அடிக்க மாட்டார். யாராவது கேட்டால் உடனே பார்த்துச் சொல்லலாமே, அதற்குத்தான்.

எக்செல்லுக்கு இந்த நல்ல மனசு புரியாது. ரீட் ஒன்லியாகத் திறந்தால் ஒழிய, வந்தவர் எழுதத்தான் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, வேறு யாரும் எழுத முடியாதபடி சர்வரிடம் பூட்டு வாங்கிவிடும். கூடவே அதே ஃபோல்டரில், ஃபைலின் பெயருக்கு முன்னால் ஒரு நெளிகோடும் டாலர் குறியும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத குட்டி ஃபைல் ஒன்றையும் போட்டுவைக்கும். திறந்தவர் பெயர் அதற்குள் இருக்கும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தக் கதைதான். நம்மவர் காலை ஒன்பதரைக்கே முழு பஸ்ஸுக்கும் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.

மாடியில் மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு பேக்கிங் லிஸ்ட்டில் கார்ட்டன் எண்ணிக்கையைத் திருத்தியாக வேண்டும். தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. ஃபைலோ 'இன்னார் திறந்து வைத்திருக்கிறார்' என்கிறது. அந்த இன்னார், எப்போதோ வேலையை விட்டுப் போன கேஷியர்! நம்மவரின் கம்ப்யூட்டரில் ஆபீஸ் மென்பொருளைப் போட்டபோது பதிந்த பெயரைத்தான் எக்செல் சொல்கிறது. கம்ப்யூட்டர் கைமாறியது, பெயரை யாரும் மாற்றவில்லை. அந்த மனுஷனுக்கே போன் போட்டு, "கொஞ்சம் ஃபைலை மூடுங்க" என்று கேட்டவர்களும் உண்டு.

கடைசியில் சிஸ்டம் தம்பி சர்வரில் உட்கார்ந்து 'ஓப்பன் ஃபைல்ஸ்' பட்டியலைப் பார்க்கிறார். எந்த ஃபைல் எந்த லாகினில் என்பது அங்கே ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

"அண்ணா, பேக்கிங் லிஸ்ட் உங்ககிட்ட ஓப்பன்ல இருக்குங்களா?"

"நான் அதைத் தொடவே இல்லீங்க தம்பி."

"சர்வர்ல உங்க லாகின்தானுங்க காட்டுது."

"அட, அதுங்களா! சும்மா பார்த்துட்டுத்தானுங்க இருக்கேன்."

மூடச் சொன்னால் மூடுவார். அங்கேதான் வினையே. ஷீட்டின் தலையில் இன்றைய தேதியைத் தானாகக் காட்டும் ஃபார்முலா ஒன்று இருக்கும். அது திறக்கும்போதே கணக்குப் போட்டுக்கொள்வதால், மூடும்போது 'சேமிக்கவா?' என்று எக்செல் கேட்கும். நாம்தான் எதையும் மாற்றவில்லையே, பிறகு ஏன் கேட்கிறது? பயந்துபோய் 'கேன்சல்' அமுக்குவார். ஃபைல் திறந்தபடியே இருக்கும். "மூடிட்டேனுங்க" என்று போனையும் வைத்துவிடுவார்.

சாப்பாட்டுக்குப் போகும்போதாவது பூட்டு விலகிவிடாதா என்றால், அதுவும் இல்லை. சும்மா கிடக்கும் இணைப்பை விண்டோஸ் சர்வர் வழக்கமாக 15 நிமிடத்தில் துண்டித்துவிடும்தான். ஆனால் ஒரு ஃபைல் திறந்திருந்தாலும் அதன் கணக்கில் அது சும்மா கிடப்பதல்ல. சர்வரிலிருந்தே பிடுங்கி மூடவும் வழி உண்டு. ஒருமுறை அப்படி மூடி, உண்மையிலேயே எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் அரைநாள் வேலை போனதிலிருந்து தம்பி அந்த பட்டன் பக்கம் போவதில்லை. மாடியிறங்கி நடந்தே வருகிறார். அதற்குள் மேலே 'பேக்கிங் லிஸ்ட் ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று பிரதிகள் பிறந்திருக்கும்.

தம்பி யோசித்து, அந்த ஃபோல்டருக்கு அண்ணனின் லாகினைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றினார். பூட்டுத் தொல்லை ஒழிந்தது, மாலைவரை.

"இத்தனை வருஷ சர்வீஸுங்க. எனக்குப் போயி ரீட் ஒன்லிங்களா?" என்று அண்ணன் நேரே முதலாளி அறைக்குப் போய்விட்டார். அன்று மாலையே பழையபடி முழு அனுமதி வந்தது. 'ஓப்பன் ஃபைல்ஸ்' பட்டியலில் முதலாளியின் லாகினும் நாலு ஃபைலோடு நிற்பதைத் தம்பி அப்போதுதான் கவனித்தார். யாரிடமும் சொல்லவில்லை.