ஈயச் சூரனுக்கு டெற்றோல் முழுக்கு

இஞ்சை வா மோனை, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரு. லண்டனிலை இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வாற பெடியள் சொக்கிலேற் கொண்டு வருவாங்கள், சென்ற் போத்தில் கொண்டு வருவாங்கள். நீ ஒரு பிஸ்கற் ரின் நிறையப் பஞ்சிலை சுத்திப் பூதம் கொண்டு வந்திருக்கிறாய். அதுவும் ஒரு இஞ்சி உயரப் பூதம், ஈயத்திலை வாத்தது. கொம்மா காலமை வந்து அழாக்குறையாச் சொல்லுறாள்: "அப்பு, உவனுக்கு வயது முப்பதுக்குக் கிட்டப் போகுது, பொம்மையோடை குந்தியிருக்கிறான், ஒருக்காப் புத்தி சொல்லுங்கோ." சரியெண்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் ரின்னைக் கிண்டிப் பாத்தன். இனிக் கொம்மாவுக்குத்தான் புத்தி சொல்லவேணும் போலை கிடக்கு. அதை உனக்கு முன்னாலை சொல்லமாட்டன், தலைக்கனம் வந்திடும்.

முதல் ஒரு கேள்வி. கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளந்த ஊருக்கு வந்து எங்களுக்கே பூதப்படை காட்டுறியோ? 2000 வெள்ளம் பூதப்படை, நவவீரர், அவைக்குப் பின்னாலை ஒரு இலட்சம் வீரர். எதிர்ப்பக்கத்திலை 1008 அண்டத்தை 108 உகம் ஆள வரம் வாங்கின சூரன். உன்ரை விளையாட்டுப் புத்தகத்திலை இருக்கிற மாதிரி ஆளுக்கு இத்தினை புள்ளி எண்டு கணக்குப் போட்டு இவ்வளவு படையையும் வாங்க வெளிக்கிட்டால், கொப்பரின்ரை லண்டன் வீட்டை ஈடு வைச்சாலும் காணாது. வீரபாகு தூது போய்த் திரும்பி வரேக்கை ஆர் டைஸ் உருட்டினது? நாலுக்கு மேலை விழுந்தபடியால் தப்பிவிட்டார் எண்டு கந்தபுராணத்திலை கச்சியப்பர் எழுதி வைக்கேல்லை.

உன்ரை சண்டை சாப்பாட்டு மேசையிலை, அளவு நாடாவோடை. எங்கடை சண்டை ஐப்பசியிலை, கந்தசட்டி ஆறாம் நாள், கோயில் வீதியிலை. மரத்திலை செய்த பெரிய சூரனைப் பெடியள் தோளிலை தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடுவாங்கள், பின்னுக்கு ஓடுவாங்கள், சாய்ப்பாங்கள், சுழட்டுவாங்கள். ஒருக்கா ஆனைமுகம், ஒருக்காச் சிங்கமுகம், பிறகு சூரன்ரை சொந்த முகம். தலையைக் கழட்டிக் கழட்டி மாட்டுறதுதான் அதிலை வேலையே. நேற்று நீ பெருமையாக் காட்டினியே, ஒரு பூதத்தின்ரை தலையை வாளாலை அறுத்து இன்னொண்டின்ரை கழுத்திலை ஒட்டினது, அந்த வேலை எங்களுக்கு எப்பவோ பழசு ராசா. ஒரு வித்தியாசம் இருக்கு. எங்கடை வீதியிலை ஒவ்வொரு வருஷமும் சூரன் தோப்பான், கடைசியிலை மாமரமாகிச் சேவலும் மயிலுமாய் முடிவான். உன்ரை மேசையிலை சில நேரம் பூதமும் வெல்லுமாம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதிலை பிடிச்ச விஷயமே அதுதான். ஐயரின்ரை காதிலை போட்டிடாதை.

நீ சொன்ன சரித்திரத்தையும் திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டால் திருத்து. 1974 இலை அமெரிக்காவிலை கைகக்ஸ், ஆர்னசன் எண்ட ரெண்டு பேர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் எண்டு ஒரு விளையாட்டை விட்டினம். அடுத்த வருஷம் லண்டனிலை மூண்டு சிநேகிதர் கேம்ஸ் வேர்க்சொப் தொடங்கிச்சினம். 1978 இலை ஹமர்ஸ்மித்திலை முதல் கடை. பிறகு சிற்றடல் எண்டு ஈயப் பொம்மை வாக்கிறதுக்கு ஒரு பட்டறை. 1983 இலை வார்ஹமர் எண்ட சண்டை விளையாட்டு. அமெரிக்காவிலை சின்சினாற்றியிலை ரால் பார்த்தா எண்டவை 1975 இலையே வாக்கத் தொடங்கிவிட்டினம். இதெல்லாம் சின்னப் பெடியளின்ரை சோலி எண்டு சிரிச்ச சனம் இப்ப எங்கை? 2024 மார்கழியிலை கேம்ஸ் வேர்க்சொப் எண்ட அந்தப் பூதக் கொம்பனி லண்டன் பங்குச் சந்தையின்ரை முதல் நூறுக்கை போய்க் குந்தியிட்டுது. கொப்பர் உன்னை வங்கி வேலைக்குப் போ, வங்கி வேலைக்குப் போ எண்டு கலைச்சுக்கொண்டு திரிஞ்ச நேரம், வங்கிக்காரர் பூதத்திலை காசு போட்டுக்கொண்டு இருந்திருக்கினம்.

சண்டையை விளையாடுறதோ எண்டு ஊரிலை ரெண்டு பேர் முகத்தைச் சுழிப்பினம். சுழிக்கட்டும். வெல்ஸ் எண்ட எழுத்தாளர் 1913 இலையே தகரச் சிப்பாயளை நிலத்திலை அடுக்கி, வில்லுப் பீரங்கியாலை சுட்டு விழுத்துற விளையாட்டுக்கு ஒரு புத்தகம் எழுதினவர். அடுத்த வருஷம் பெரிய மனிசர் நிசமாகவே உலகச் சண்டையைத் தொடங்கிவிட்டினம். நாங்கள் இஞ்சை 90களிலை போர் நேரம் பற்றறி கூட வரவிடாத தடைக்கை இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம். சாப்பிட வா எண்டு கூப்பிட்டால் சண்டையை நிப்பாட்டி, படையை ரின்னுக்கை போட்டு மூடலாம் எண்ட சலுகை எங்களுக்கு ஒரு நாளும் கிடைக்கேல்லை. அதனாலை உன்ரை சண்டையிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நீ அதுக்குச் செய்யிற முழுக்கிலைதான்.

விஷயத்துக்கு வாறன். கிணத்தடியிலை ஒரு ஜாம் போத்தில் கண்டன். உள்ளுக்கு மண்ணிறத் தண்ணி, அதுக்கை ஆறேழு பூதம் தலைகீழாக் கிடக்கு. என்னடா எண்டு கேட்டால் டெற்றோலாம். ஒரு இரவு ஊறவிட்டுப் பழைய பல்லுத் தேய்க்கிற பிறஸாலை உரஞ்சினால் பூச்சுக் கழண்டு வருமாம். பச்சைத் தண்ணியிலை அலசினால் பிசினாகி அப்புமாம், அதனாலை முதல் அலசலும் டெற்றோலிலையேதான். கொம்மா காயத்துக்குப் போட வாங்கி வைச்ச போத்தில் அது. பூதத்துக்கு எங்கையப்பன் காயம்?

சரி, பூச்சுக் கழட்டுறது உன்ரை உரிமை. ஆனால் ஒண்டைக் கேக்கிறன். இந்தப் பொம்மை 80களிலை வாத்தது எண்டுதானே ஒரு கிடாய் ஆட்டின்ரை விலை குடுத்து வாங்கினனீ? பழசு வேணும் எண்டு தேடித் தேடி வாங்கிறாய். வீட்டுக்கு வந்த உடனை, அதிலை இருக்கிற 80களைத் தேய்ச்சுக் கழுவி ஊத்திறாய். எங்கையோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஹம்பிரோல் எனாமலை அப்பி, தாடிக்குச் சிவப்பும் தொப்பிக்கு நீலமும் அடிச்சிருக்கிறான். கேடயத்திலை தன்ரை கையாலை ஒரு மின்னல் கீறியிருக்கிறான், அது கோணல். அந்தக் கோணல் மின்னலையும் உன்ரை போத்திலுக்கை கண்டன்.

இதிலை உன்னை மட்டும் பேசேலாது. ஊர்ப்பேர் சொல்லமாட்டன், ஒரு கோயிலிலை பழைய குதிரை வாகனம். சின்னனிலை நான் பாக்கேக்கை அதின்ரை கழுத்து மணியை எண்ணலாம், பிடரி மயிரை ஒண்டு ஒண்டாப் பிரிச்சுப் பாக்கலாம். திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் மேலை எனாமல் அடிச்சு, இப்ப மணியும் இல்லை, மயிரும் இல்லை, வழுவழுவெண்டு நிக்குது. அதுக்கு ஒரு டெற்றோல் தொட்டி கட்டினால் நான் முதல் ஆளாக் காசு தருவன். ஆகவே தீர்ப்பு இதுதான்: பூச்சு, வாத்தவனின்ரை வேலையை மூடியிருந்தால் கழட்டு. பூசினவனின்ரை கை அதிலை தெரிஞ்சால் கழட்டாதை, மேலை ஒரு வார்னிஷ் போட்டு அப்பிடியே வை. உந்த மூக்கு நீண்ட, பல்லிளிக்கிற குட்டிப் பூதங்கள், கெவ் அடம்ஸ் எண்டவர் செதுக்கினது எண்டாய், அதுகளின்ரை முகச் சுருக்கத்துக்கை பெயின்ற் தேங்கி நிண்டால் பாவம். அந்த மூஞ்சியளை நான் கோயில் நிர்வாகக் கூட்டத்திலை கண்டிருக்கிறன்; சுருக்கம் தெரிஞ்சால்தான் ஆளை மட்டுக்கட்டலாம்.

வார்னிஷ் எண்டவுடனை ஞாபகம் வருது. ஸ்பிரே ரின்னைப் பிளேனிலை ஏத்த விடமாட்டாங்கள், அதனாலை இஞ்சை ஹாட்வெயாரிலை கார்ப் பெயின்ற் ஸ்பிரே வாங்குவாய். வாங்கு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாரிக்கை அடியாதை. காத்திலை ஈரம் கூடினால் வார்னிஷ் வெள்ளை பூத்துப்போகும், ரெண்டு கிழமை பூசின சிவப்புச் சட்டை சாம்பல் பூசின மாதிரி நிக்கும். சோளகம் அடிக்கேக்கை முத்தத்திலை வைச்சும் பூசாதை, செம்மண் தூசியெல்லாம் வந்து ஈரப் பூச்சிலை குடியேறும். காத்தோட்டமான அறைக்கை வைச்சு, மத்தியானத்துக்கு முதல் பூசு. இந்த வெக்கைக்கு உந்த அக்கிரிலிக் பெயின்ற் தட்டிலை விட்ட கையோடை காயுது எண்டு முறைப்பாடு சொன்னாய். சாப்பாட்டுப் பெட்டியொண்டிலை நனைச்ச ஸ்பொஞ்சைப் போட்டு, மேலை எண்ணெய்த்தாளை விரிச்சு, அதிலை கலந்து வை. மூடி வைச்சால் பின்னேரத்திலையும் ஈரமாக் கிடக்கும்.

கண் வைக்கிறதிலை மட்டும் உன்ரை வழிக்கும் எங்கடை வழிக்கும் பெரிய சண்டை. விக்கிரகத்துக்கு ஸ்தபதி கண் திறக்கிறது கடைசியிலை. நீ பூதத்துக்கு முதல் கண்ணை வைக்கிறாய். ஏனெண்டு கிட்ட இருந்து பாத்தன். முதல் பழுப்பு வெள்ளையாலை ஒரு கீறு. பிறகு கறுப்புப் பொட்டு, ஊசி முனையளவு. கை நடுங்கிக் கன்னத்திலை பட்டிட்டுது. நீ கவலைப்படேல்லை, தோல் நிறத்தைத் தொட்டுக் கண்ணைச் சுத்தி மூடினாய், பிழை மறைஞ்சிட்டுது. கெட்டித்தனம்தான். ஆனால் இதுக்காகச் சைபீரியாவிலை ஓடுற கீரி போலை ஒரு மிருகத்தின்ரை வால் மயிர்த் தூரிகை வேணுமாம், ஒண்டின்ரை விலையைக் கேட்டு நான் சுருட்டை அணைச்சுப்போட்டன்.

இனிப் பத்திரப்படுத்துற விஷயம். உன்ரை பழைய பொம்மையிலை காரீயம் இருக்கு. 90களின்ரை தொடக்கத்திலைதான் கொம்பனியள் பெரும்பாலும் காரீயத்தைக் கைவிட்டினம், அதுவும் அமெரிக்காவிலை தடை வரப்போகுது எண்ட பயத்திலை. காரீயத்துக்கு எதிரி மர அலுமாரி. மரத்திலை இருந்து, அதுவும் ஓக் மரத்திலை இருந்து, புளிப்பு ஆவி வரும். பூட்டின அலுமாரிக்கை அந்த ஆவி தேங்கி, பொம்மை வெள்ளைப் பொடியாப் பூத்து உதிரும். ஒண்டிலை கண்டால் உடனை மற்றதுகளிலை இருந்து பிரிச்சு வை, அந்தப் பொடியை ஊதாதை, நஞ்சு. மலிபன் பிஸ்கற் ரின்னும் கண்ணாடிப் பெட்டியும் காணும். பூசாமல் கிடக்கிற பொம்மைக்கு ஒரு கோட் பிறைமர் அடிச்சு விட்டால் அதுவும் காவல்தான்.

உடைக்காத பக்கற் ரெண்டு வைச்சிருக்கிறாய், விலை ஏறும் எண்டு. எங்கடை மீன்பிடிகாரர் ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு கட்டுறவை. ஈயம் எண்டால் அவைக்குக் கிலோக் கணக்கு. உனக்குக் குடுத்த விலையைச் சொன்னால் கடலுக்குப் போகாமல் நிண்டு சிரிப்பினம். அந்த ரெண்டு பக்கற்றையும் இண்டைக்கே உடை, பூசு, மேசையிலை இறக்கு. இந்த விஷயத்திலை நான் கொம்மாவின்ரை கட்சி இல்லை, வித்துத் தின்னுற வியாபாரியின்ரை கட்சியும் இல்லை.

கடைசியா ஒண்டு, இதைப் பகிடியெண்டு விட்டிடாதை. அக்காவின்ரை சின்னவள் எல்லாத்தையும் வாயிலை வைக்கிற வயது, ரின்னை அவளுக்கு எட்டாத இடத்திலை வை. ஈயத்தை அரத்தாலை ராவின தூளை ஈரத் துணியாலை துடைச்செடு. தூரிகையை நாக்கிலை வைச்சுக் கூர் எடுக்கிற பழக்கத்தை இண்டையோடை விடு. கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிப்போட்டுத்தான் குசினிப்பக்கம் வரவேணும், சொல்லிப்போட்டன்.